கொஞ்சம் காலி

வெனிசுவேலா அங்கிளுக்கு ஆங்கிலத்தில் எல்லாமே 'வெரி'தான். தோஹா வெயில் வெரி ஹாட்; சரி. அம்மாவின் வத்தக்குழம்பு வெரி டெலிஷியஸ்; போகட்டும். ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டேங்க்கைக் காட்டி 'வெரி எம்ப்டி' என்றாராம். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

அங்கிள் அப்பாவோடு அங்கே வேலை பார்த்தவர். அந்த மாதம் அவருக்குக் கம்பெனியில் ஆங்கில வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். பள்ளி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவர் மகளுடையது. அதனால் அவர் தேற வேண்டுமென்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பாடம் நடந்தது. ஒருநாள் அப்பா பாயசத்தின் கடைசிக் கரண்டியை அங்கிளின் டம்ளரில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். வெயில் ஏறும், இறங்கும். அதற்கு வெரி போடலாம். காலிக்கு ஏது ஏற்ற இறக்கம்? கம்ப்ளீட்லி எம்ப்டி, இல்லையென்றால் ஆல்மோஸ்ட் எம்ப்டி, அவ்வளவுதான் என்று மேஜையைத் தட்டினார்.

"லிட்டில் எம்ப்டி?" என்று அங்கிள் பேரம் பேசிப் பார்த்தார்.

"நோ!"

அங்கிள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அப்பா மேல் எரிச்சலாக வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மகள் நீச்சல் வகுப்பிலிருந்து ஈரத் தலையோடு வந்து சேர்ந்தாள். கவிழ்ந்த பாத்திரத்தைக் கண்டதும் அவள் முகம் தொங்கிப்போனது.

அம்மா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் பாயசத்தோடு வந்தாள். "பிள்ளை வருவாள்னு எடுத்து வச்சிருக்கேன். அதுக்குள்ள காலி காலின்னு என்ன கூச்சல்?"

அங்கிள் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். "அமீகோ! நாட் கம்ப்ளீட்லி எம்ப்டி! ஆல்மோஸ்ட் எம்ப்டி!"

அப்பாவே சிரித்துவிட்டார். அங்கிள் அந்தப் பாடத்தை மறக்கவே இல்லை, தேர்விலும் தேறிவிட்டார். முடிவு வந்த அன்று அம்மா பெரிய பாத்திரத்தில் பாயசம் வைத்தாள். நானும் அவர் மகளும் வயிறு வலிக்கக் குடித்தோம். அத்தனை சந்தோஷம் எனக்கு.

அப்பாவின் கண்டிப்பெல்லாம் ஆங்கிலத்துக்காக என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். டேங்க்கில் வாயு மிச்சமில்லை என்று பார்த்து, வாக்கி டாக்கியில் 'எம்ப்டி' என்று சொல்வது அங்கிளின் வேலை. அந்த ஒரு சொல்லை நம்பி, டார்ச்சோடு உள்ளே இறங்கிச் சோதிப்பவர் அப்பா.