சித்தி வளைத்த ஊசி

பன்னிரண்டு வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு பீரங்கி வண்டி இருந்தது. உள்ளங்கை நீளம்தான். சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது அண்ணனுக்கென்று வாங்கி வந்தது. துண்டு துண்டாகப் பெட்டியில் இருக்கும், நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் நாலு சக்கரத்தை ஒட்டினான். பசை விரலில் பிடித்துக்கொண்டதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டான். மிச்சத்தை நான் ஒட்டி முடித்தேன். முடித்த பிறகுதான் அது யாருடையது என்ற பஞ்சாயத்து வந்தது. பெண் பிள்ளைக்கு எதற்குப் பீரங்கி என்று அப்பா கேட்டார். ஆண் பிள்ளை மட்டும் எந்த ஊர் மேல் படையெடுக்கப் போகிறான் என்று அம்மா கேட்டாள். தீர்ப்பு என் பக்கம் ஆயிற்று.

சித்தப்பாவின் அதே பயணப் பெட்டியில் சித்திக்கும் ஒரு சாமான் வந்திருந்தது. பேனா பருமனில் ஒரு சின்னத் துப்பாக்கி, அதன் தலையில் ஒரு கிண்ணம், வாலில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றடிக்கும் பெட்டி. ஏர்பிரஷ் என்றார்கள். சித்தி என் அம்மாவின் தங்கை. வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு முகப்பூச்சைப் பஞ்சால் அப்பாமல் மெல்லத் தூவிவிடலாம் என்று சித்தப்பா ஆசையாக வாங்கி வந்தது. நெல்லையிலேயே தன்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று சித்தி நம்பினாள். தினமும் அதைத் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றி, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் பார்லருக்குத்தான் போவேன். சித்தியின் செல்போனில் ஒருநாள், என்னுடையதைப் போலவே ஒரு பீரங்கி வண்டிக்கு ஒருவர் ஏர்பிரஷால் வண்ணம் அடிக்கும் வீடியோ அகப்பட்டது. முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும்தான். பேசிய பாஷை எந்த நாட்டுடையது என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து சித்தியை நச்சரிக்க ஆரம்பித்தேன். நாலு நாள் தாக்குப்பிடித்தாள். பிறகு, ஆள் வராத நேரத்தில் எடுத்துக்கொள், ஆனால் வேலை முடிந்த கையோடு கழுவி வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

வண்ணம் கெட்டியாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். நீர்த்துப்போனால் வழிந்து சிலந்திக்கால் மாதிரி ஓடும். மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்பதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. துப்பாக்கிக்குள் ஒரு நீள ஊசி ஓடுகிறது. விசையை இழுக்க இழுக்க அது பின்னால் நகர்ந்து வண்ணத்துக்கு வழிவிடும். அந்த ஊசியின் முனையில்தான் எல்லாம் இருக்கிறது, அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றிருந்தாள் சித்தி. பழைய அட்டைகளில் புள்ளி வைத்தும் கோடு இழுத்தும் பழகி, ஒரு சனிக்கிழமை வண்டி முழுக்கப் பச்சை அடித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

வீடியோக்காரரோ அடுத்து அந்த அழகைக் கெடுக்க ஆரம்பித்தார். பஞ்சால் ஒற்றி வண்ணம் உரிந்தது போலச் செய்தார், துரு ஏற்றினார், சேறு பூசினார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. அவர் கண்ட இடத்தில் கெடுக்கவில்லை. கை பிடித்து ஏறும் இடத்தில் வண்ணம் போயிருந்தது. மழைத்தண்ணீர் வடியும் இடத்தில் துரு இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால்தான் சேறு. ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு என் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. வண்ணார்பேட்டையில் நின்று பஸ் படிக்கட்டுகளையும் கம்பிகளையும் வெறித்துப் பார்ப்பேன். அம்மாவின் காபி வடிகட்டியில் ஆற்று வண்டலைச் சலித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் ஸ்கூட்டரை யாரோ இடித்துவிட்டதாகத் தெருவெல்லாம் சண்டைக்கு நின்றபோது, கீறலில் சுண்ணாம்பு இருக்கிறது, நீங்கள்தான் உங்கள் சுவரில் உரசியிருக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கண்டதைச் சொல்லிவிட வேண்டும் எனக்கு. சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

அப்படி இருக்கையில்தான் அந்த அக்கா வந்தாள். மறுநாளுக்கு மறுநாள் பாளையங்கோட்டை சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம். வெள்ளைப் பட்டுக்கு எந்த அளவு பூச்சு பொருந்தும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க அவளுடைய அம்மா அழைத்து வந்திருந்தார். பெண் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், கை கன்றிக் கிடக்கிறது, மெஷினில் அடித்தால் மறையுமா என்று அந்த அம்மா வந்ததும் வராததுமாகக் கேட்டார். சித்தி பெருமையோடு ஏர்பிரஷை எடுத்தாள். எப்போதும் போல முதலில் தன் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தாள். பச்சையாக ஒரு துளி துப்பிவிட்டு அது நின்றுபோனது.

முந்தின நாள் நான் கழுவவில்லை. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு, கழுவும் திரவத்தை எடுத்துவர உள்ளே போனாள். நான் நல்ல பிள்ளையாக அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த அவள் கையில், முழங்கைக்குக் கீழே அந்தக் கன்றல் இருந்தது. என் கண் சும்மா இருக்குமா?

“விழுந்தா இங்கன படாது, முட்டியிலதான் படும்,” என்றேன். “இந்தப் பக்கம் நாலு விரலு, அந்தப் பக்கம் பெருவிரலு. யாரோ இறுக்கிப் பிடிச்சி இழுத்திருக்காவ.”

பிள்ளையின் வாயைப் பார் என்று அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சித்தி கையில் பாட்டிலோடு வாசலில் நின்றாள். அதற்குள் அந்த அம்மாவின் செல்போன் அடித்தது. மகன் போலிருக்கிறது, இங்கேதான் இருக்கிறோம், நான் கூடவே இருக்கிறேன் என்று பதில் சொல்லியபடி வராந்தாவுக்குப் போனார். சித்தி குனிந்து அந்த அக்காவின் காதில் ஏதோ கேட்டாள்.

“அண்ணன்தான். கல்யாணம் வேண்டாம்னு சொன்னதுக்கு,” என்றாள் அவள். பிறகு, “என் போனைப் பிடுங்கி வச்சிக்கிட்டாவ. முக்கூடல் மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுனாப் போதும்க்கா,” என்றாள்.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் என் நெஞ்சு முழுக்கத் துப்பாக்கிதான் இருந்தது. இனிமேல் தொடவே விடமாட்டாளே என்ற பயம். அதைக் காற்றுப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்கு ஓடி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கிண்ணத்தில் ஒரு பச்சைப் பொட்டு இல்லாமல் கழுவினேன். மாட்டித் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தேன். வெயிலில் மெல்லிய புகையாக வந்தது. அப்படி ஒரு சுத்தமாக அதைச் சித்தியேகூடக் கழுவியதில்லை. பாராட்டுக்காக நின்றேன்.

சித்தி வந்தாள். வாங்கி ஒருமுறை அழுத்தினாள். நன்றாக வேலை செய்ததைப் பார்த்தாள். பிறகு பின்பக்கத் திருகைக் கழற்றி, ஊசியை உருவி, அதன் முனையைக் குழாயடிச் சுவரில் வைத்து அழுத்தினாள். ஊசி கொக்கி மாதிரி வளைந்தது. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அந்த அக்காவின் முகம் முழுக்கக் கண்ணை மட்டும் விட்டுவிட்டு முல்தானி மட்டி மண் அப்பியிருந்தது. சித்தி அவளுடைய அம்மாவிடம் வளைந்த ஊசியைக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை பீரங்கிக்கு வண்ணம் அடிக்கிறேன் என்று மெஷினைக் கெடுத்துவிட்டது, இது இல்லாமல் கைக்கன்றல் மறையாது, டவுனில் பார்லர் சாமான் விற்கிற கடையில் இந்த மாதிரி ஊசி கேட்டுப் பாருங்கள் என்றாள். மகளைத் தனியே விட அந்த அம்மா தயங்கினார்.

“மூஞ்சில பூசியிருக்கு. காய ஒரு மணி நேரம் ஆவும்,” என்றாள் சித்தி. “இந்தக் கோலத்துல பிள்ள எங்கன போவும்க்கா?”

நான் கெடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் தோளில் கை வைத்தாள். அந்தப் பிடியில் எனக்கு அழுகைதான் வந்தது. பொய்யாக ஒருபோதும் அப்படி அழ முடியாது. அதைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று. சின்னப்பிள்ளைதானே, விடுங்கள் என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டு, ஊசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

சித்தி தன் செல்போனை அந்த அக்காவிடம் கொடுத்ததையும் பார்த்தேன். எனக்கு அதில் அக்கறையில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் இனி அதைத் தொடக்கூடாது என்பதற்காகத் தன் உயிரான சாமானையே உடைத்திருக்கிறாள், போதாததற்குப் பழியையும் என் தலையில் கட்டியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். வேட்டியும் ஹெல்மெட்டுமாக ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, பார்லர் இதுதானா என்று என்னிடம் கேட்டார். பெண்கள் இருக்கும் இடம் என்று மேலே ஏறாமல் கீழேயே நின்றார். அந்த அக்கா முகம் கழுவியும் காதோரம் மண் போகாமல் இறங்கி வந்தாள். கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கையை விரல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவளுடைய அம்மாவின் ஆட்டோ திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“யக்கா, பிள்ள என்கூட வருது,” என்றார் அவர். “உன் மவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

அந்த அம்மா ஊசி கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணம் நின்றது. தாய்மாமன் தகராறு பண்ணி நிறுத்திவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பார்லரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானோ சித்தியோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் கூப்பிடுவாள். நான் போய் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்காருவேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வரை அப்படித்தான். அவள் ஒருமுறைகூட விளக்கம் சொல்லவில்லை. சித்தப்பா வேறு ஊசி கொண்டுவரும் வரைக்கும் கல்யாணப் பெண்களுக்குப் பழையபடி பஞ்சால்தான் ஒற்றினாள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள், அந்த அக்கா முக்கூடலில் மாமா வீட்டிலிருந்தே படித்து டீச்சராகிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் ஐந்து விரல்களைப் படித்தவள், என் கண்ணெதிரே வளைந்த ஊசிக்கு இத்தனை வருஷமாகத் தப்பான காரணத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

நேரே பார்லருக்குப் போனேன். முடி வெட்டிக்கொள்ள வந்தவள் போல நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கண்ணாடியில் தெரிந்த சித்தியிடம் கேட்டேன். அவள் சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லியிருந்தா நீ பெருமையில ஊரு பூரா சொல்லியிருப்ப. அது அவ அண்ணன் காதுல விழுந்திருந்தா?” என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டு, “நீ மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது கஷ்டமாத்தான் இருந்திச்சி. ஆனா உன் வாயும் மூடித்தான இருந்திச்சி,” என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். ஆடாமல் இரு, கத்தரி பட்டுவிடும் என்று என் தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.