ஒன்றேகால் நிமிடப் பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்த வீட்டு வாசலில் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பத்து வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் படித்தபோது விடுமுறைக்கு வந்தவர், கேசட்டில் பதியச் சொல்லி என் அப்பாவிடம் ஒரு சின்ன இசைத்தட்டைக் கொடுத்திருந்தார். அதைத் தேடித்தான் வந்திருந்தார். அங்கே ஏதோ கார் ஷெட்டில் நாலு பையன்கள் கூடிக் கத்திப் பதிந்த பாட்டாம். அந்த மாதிரிப் பாட்டுக்குப் பங்க் என்று பெயராம். கொஞ்சம் பிரதிதான் போட்டதால், இப்போது அதைச் சேகரிக்கிறவர்கள் கேட்ட விலை கொடுப்பார்களாம். உடைந்துபோய்விட்டது என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். பொய்தான். அந்தத் தட்டை நான் யாருக்கும் தரமாட்டேன்.

அப்பா ராஜபாளையத்தில் மைக் செட் வைத்திருந்தார். தேவதானம், கூமாப்பட்டி வரைக்கும் கல்யாணமோ சடங்கோ கோயில் கொடைத் திருவிழாவோ, எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் அலறும். வாடகைக்குப் போகாத நாட்களில் செட் எங்கள் முன்னறையில் இருக்கும். ஒரு குழாயை மட்டும் ஜன்னலில் தெருவைப் பார்க்கக் கட்டியிருப்பார்.

"செட்டை டெஸ்ட் பண்ணணும், பாட்டைப் போடு" என்று அவர் சொன்னால், அம்மாவை அடிக்கப்போகிறார் என்று அர்த்தம். ஊசி வைப்பது மகளான என் வேலை. அதிலும் சினிமாக் கதைவசன எல்.பி. தட்டுதான் வேண்டும் அவருக்கு. இடையில் நிற்காமல் வெகுநேரம் ஓடும். கதாநாயகன் நீதி கேட்டு முழங்கிக்கொண்டிருப்பான், உள்ளே ஸ்பீக்கர் வயர் இரட்டையாக மடிந்து அம்மாவின் முதுகில் இறங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று வசனம் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவை வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கை துடிக்கும். துடித்து என்ன, ஊசியைத்தான் வைத்தேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் அந்த அமெரிக்கத் தட்டு வந்தது. நடுவில் பெரிய ஓட்டை. எங்கள் பிளேயரில் நிற்கவில்லை. மில்லில் நூல் சுற்றும் பாபின் ஒன்றின் அடிக்கட்டையை அறுத்து ஓட்டையில் செருகினேன். வீட்டில் யாரும் இல்லாதபோது ஆம்ப்ளிஃபயரைப் போடாமல், ஊசிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் எனக்குள் கிடந்ததைத்தான் கத்துகிறான் என்று தோன்றியது. சந்தோஷத்தில் அழுதேன். ஒன்றேகால் நிமிடத்தில் பட்டென்று நின்றுவிட்டது. பாட்டே அவ்வளவுதான்.

அது நின்ற விதம்தான் எனக்கு யோசனை கொடுத்தது. எதிர்வீட்டில் ஒரு ஏட்டையா இருந்தார், போலீஸ்காரர். எங்கள் வீட்டில் நடப்பது அவர் காதில் ஒருமுறை விழுந்தால் போதும், ஓடிவந்து அப்பாவைப் பிடித்துவிடுவார் என்று நம்பினேன். அம்மாவுக்கு விலாவில் முந்தைய அடியே ஆறவில்லை; மூச்சு விடவே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை தாங்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தேவதானத்துக் கொடைக்கு வேறு செட்டைப் பேசிவிட்டார்கள் என்று அப்பா கொதித்துக்கொண்டு வந்தார். பேச வந்தவர்களுக்கு அம்மா மோர் கொடுக்கவில்லையாம், அதனால்தான் போய்விட்டார்களாம். பாட்டைப் போடு என்றார்.

அமெரிக்கத் தட்டை வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகினேன். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அப்பாவுக்கு அந்த டிரம் அடி பிடித்துவிட்டது போல. அதன் வேகத்துக்கே வயரை வீசினார். அம்மாவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. பாட்டு நின்றது. அவர் கை நிற்கவில்லை. வயர் விழும் சத்தமும், அம்மாவின் அலறலும், அவர் வாயிலிருந்து வந்த அசிங்கமும் அப்படியே தெருவுக்குப் போயின.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பனியனோடு ஏட்டையா எங்கள் வாசலுக்கு வந்தார். என் உயிரே திரும்பி வந்தது. அப்பாவை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"வேற தட்டைப் போடும்மா. நீளமா ஓடுமே, அது. எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காவ."

அவருக்குத் தெரியும். எந்தத் தட்டு எவ்வளவு நேரம் ஓடும் என்பதுவரை தெரியும். அந்த நிமிடம் அப்பாவைவிட அவரைத்தான் அதிகம் வெறுத்தேன். அப்பா வயரைக் கீழே விடாமலே, சொன்னபடி போடு என்றார்.

தரையில் கிடந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"போடாதட்டி. கேக்கட்டும்."

சுவரைப் பிடித்து எழுந்தாள். ஏட்டையாவைத் தாண்டித் தெருவில் இறங்கி, நேராக அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பூவும் பழமும் வைத்த தட்டுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பெண் பார்க்க அலங்கரித்து வைத்திருந்த பெண்தான் ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அப்பா எங்களைப் பார்த்தார். பிறகு, வாசலில் வந்து நின்ற ஏட்டையாவைப் பார்த்தார்.

"நீங்க போலீஸ்ல தான இருக்கிய?"

ஏட்டையா உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அலறல் கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. அதை மறைக்க யாரும் பாட்டுப் போடவில்லை.