இரண்டு பிரேக் உள்ள கார்

என் நாத்தனாருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். அவள் காரில் பிரேக் இரண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் இவள் காலடியில் ஒன்று. அதனால் எல்லோருக்கும் இவள் பிரேக்கக்கா. வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது என்பது அண்ணியான எனக்குத்தான் தெரியும்.

போன வருடம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் போனில் பார்க்கும் ஆபாச வீடியோக்களைப் பற்றி ஒரு நர்ஸ் பேசினார். நானும் இவளும் போயிருந்தோம். நர்ஸ் நன்றாகத்தான் பேசினார். "வீட்டில் பிள்ளைகளோடு இதைப் பேசுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றதும் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தும் இவளுக்கு ஆறவில்லை.

"என் கார்ல ஏறினா மாமியார் சண்டை, மூல வியாதி எல்லாத்தையும் கொட்டுறாங்க அண்ணி. மூஞ்சியப் பாக்க வேணாம், ரோட்டப் பாத்தா போதும்ல? இதையும் அங்கயே பேச வச்சா என்ன?"

சொன்னதோடு நிற்கவில்லை. நர்ஸிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோருக்கென்று ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். ஓட்டத் தெரிந்தவர்களும் வரலாம். இவள் பிள்ளையாக நடித்துக் கேள்வி கேட்பாள், ஓட்டுபவர் பதில் சொல்ல வேண்டும். 'அது', 'இது' என்று மழுப்பினால் மறுபடியும் ஒரு சுற்று. துணைக்குப் பின் சீட்டில் நான்.

அப்படித்தான் பேக்கரிக்காரர் வந்தார். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துக் கடைக்குக் கேட்கும். மகன் போனில் பார்த்ததைக் கண்டுபிடித்து, ரொட்டி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கத்தித் தீர்த்துவிட்டார். அதிலிருந்து அந்தப் பதினாலு வயதுப் பையன் அப்பாவோடு பேசுவதில்லை. இவர் சாப்பிட உட்கார்ந்தால் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவான்.

"எம் புள்ள எங்கிட்ட பேசினா போதும்க்கா" என்றார்.

ஆனால் மனுஷர் ஓட்டிய லட்சணம்! 'ஆபாச' என்று ஆரம்பித்ததுமே கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இவள் பிரேக்கை மிதிப்பாள். நான் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொள்வேன். இப்படியே மூன்று வாரம். கடைசியில் இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே எங்கிட்ட பிரேக் இல்ல. கண்ணத் தொறந்துகிட்டே சொல்லுங்க."

"ஐயோ, கால எறக்குங்கக்கா!"

"சொல்லுங்க."

சொன்னார். கண்ணை அகலத் திறந்துகொண்டு, ஜன்னலும் திறந்திருக்க, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ஆபாச வீடியோ எல்லாம் நடிப்புடா! நெஜத்துல அடுத்தவங்களுக்கு இஷ்டமான்னு கேக்கணும்டா! சந்தேகம் வந்தா எங்கிட்ட கேளுடா!" சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் மகனை ரொட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் நின்றார், முகமெல்லாம் பல்.

"படிச்ச மாதிரியே எல்லாத்தையும் சொன்னேன்க்கா. ஆனா பய ஒண்ணு கேட்டான் பாருங்க. 'நீங்க பாத்திருக்கீங்களாப்பா'ன்னு."

நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வாரத்தில் அந்தக் கேள்வியை மட்டும் இவள் யாரிடமும் கேட்டதில்லை. பிரேக்கக்காவுக்கும் கூச்சம் இருந்திருக்கிறது!

"என்ன சொன்னீங்க?" என்றாள் மெல்ல.

"பாத்திருக்கேன்டான்னேன். எனக்குச் சொல்லித்தர யாருமில்ல, நெஜம்னு நம்பித் தொலைச்சேன்னேன். அன்னிக்குக் கத்தினது பயத்துலதான், மன்னிச்சுடுன்னும் சொல்லிட்டேன். அதுக்குள்ள வீடு வந்துருச்சு. வண்டிய நிறுத்தினா, பய எறங்கவே இல்லக்கா."

"ஏன்?"

"'இன்னொரு சுத்து போலாம்ப்பா'ங்கறான்."