கோமளம் என்பது அவள் பெயர், என் பெயர் இல்லை

கோமளம் இறந்துவிட்டாள். நேற்றுக் காலை, கூலாயில், அவள் வீட்டிலேயே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மரண அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேஜுக்கு மெசேஜ் மேல் மெசேஜ். "கோமளம் அக்கா தவறிட்டாங்களா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்... ஆமாம் என்று எழுதவா, இல்லை என்று எழுதவா?

என் பெயர் விமலா. ஸ்கூடாயில் என் வீட்டில் உட்கார்ந்து கைக்குழந்தைகளுக்குக் குரோஷே குல்லாவும் காலுறையும் பின்னுவது நான்.

கோமளம் என் தோழி. செனாயில் ஒரு ஃபேக்டரியில் பல வருடம் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். அவளுக்குக் குரோஷே ஊசியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது பெயர்தான் எனக்குப் பெரிய தலைவலி. விமலா என்று தேடினால் பலகாரம் செய்பவர், ப்ளவுஸ் தைப்பவர், முகத்துக்கு ஃபேஷியல் போடுபவர்... எல்லோரும் விமலா. இங்கிலீஷில் ஒன்று யோசித்தேன். பாலர் பள்ளிக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது என்றாள் என் மகள்.

கேன்டீனில் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். கோமளம் மீ கோரேங் சாப்பிட்டபடி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அப்ப என் பேர எடுத்துக்கோலா. நான்தான் அத யூஸே பண்றதில்லையே."

உண்மைதான். ஃபேக்டரியில் அவளை எல்லோரும் கோமா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பாப்பா. முழுப் பெயர் அவளுடைய ஐசி அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

கோமளம்... பிறந்த குழந்தை போடுகிற குல்லாவுக்கு இதைவிட வேறென்ன பெயர் வேண்டும்? சின்னத் துணி லேபிள் அடித்து ஒவ்வொன்றிலும் உள்பக்கமாகத் தைத்தேன். இந்தப் பேஜுக்கும் அதே பெயரை வைத்தேன்.

சனிக்கிழமை பஜாரில் ஸ்டால் போட்டபோது துணைக்கு வந்தாள். மாசமாக இருந்த ஒரு பெண் குல்லாவைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு, யார் கோமளம் என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முன்னால் வந்து நின்றாள். "நான்தான்மா."

அதோடு விட்டாளா? எந்த நூல் குழந்தைக்கு உறுத்தாது, எப்படித் துவைக்க வேண்டும், எல்லாம் சொன்னாள். ஊதா நிறத்தில் யானைக் காது வைத்து ஒன்று பின்னித் தருவதாகவும் ஒப்புக்கொண்டாள். யானைக் காது எப்படிப் பின்னுவது என்று எனக்கே தெரியாது!

திரும்பி வரும்போது காரில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பேரு என்னோடதுதானே?" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை. எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா... இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஸ்டாலில் அவள்தான் கோமளம் அக்கா. பணம் வாங்கிப் பையில் போட்டுக் கொடுக்கிற ஆள் நான். நன்றாகவும் விற்றது, பொய் சொல்லக்கூடாது.

இந்த வருடம் அவள் வரவில்லை. கால் வலி என்றாள், ஓவர்டைம் என்றாள். போன மாதம் திடீரென்று ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"விமலா, அந்தப் பேர மாத்திருலா. இனிமே என் பேரு வேணாம். உன் பேரே போட்டுக்க."

அவ்வளவுதான். ஏன், என்ன ஆச்சு என்று கேட்டு எழுதினேன். பார்த்தாள், பதில் இல்லை. போன் செய்தால் டுரியான் பழ விலையைப் பற்றிப் பேசுகிறாள். என் மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

இன்று அவள் கணவர் சொல்லித்தான் தெரியும். வயிற்றில் கேன்சர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அப்படியென்றால் அந்த மெசேஜ்... இறந்தவள் பெயர் பச்சைக் குழந்தை தலையில் இருக்கக் கூடாது என்று நினைத்தாளா? இல்லை, நிஜமாகவே என் மேல் கோபமா? அவரிடம் கேட்டேன். இப்படி ஒரு மெசேஜ் அனுப்பியதே அவருக்குத் தெரியவில்லை.

மதியம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சாஆ ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே பாப்பா கடையில உதவிக்கு இருந்தவங்க? சொல்லியிருக்கா. எங்க வீட்டுப் பேரப்புள்ளைங்க எல்லாத்துக்கும் அவ கையால பின்னுன குல்லாதான்."

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, கூட வேலை செய்யும் பெண்ணுக்கு என்று அவள் என்னிடம் அடிக்கடி வாங்கிப் போனதெல்லாம் எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அவள் அங்கே நடுவீட்டில் படுத்திருக்கிறாள். என்ன சொல்ல?

"ஆமாங்கக்கா," என்றேன். "நான்தான் கூட இருந்தேன்."

"கடைய மூடிறாதீங்கம்மா. அவ பேரு அப்படியே இருக்கட்டும்."

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போதுவரை தெரியவில்லை. அவள் வேண்டாம் என்கிறாள், அவளுடைய அக்கா வேண்டும் என்கிறார்...

ஆர்டர் கொடுத்தவர்களுக்குக் குல்லா வந்து சேரும். பின்னி முடித்தவை மேசைமேல் இருக்கின்றன. லேபிள் மட்டும் இன்னும் தைக்கவில்லை.

தயவுசெய்து கமென்டில் யாரும் புதுப் பெயர் சொல்ல வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

வலி எல்லாம் முடிஞ்சுதுலா. நல்லபடியா போ, கோமளம்.