1.275 வோல்ட்

தனலட்சுமி அம்மா போய்விட்டார். நேற்று மாலை, மாரடைப்பு... ஐம்பத்திரண்டு வயதுதான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தகரக் கூரை போட்ட கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அங்கே போனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

நான் அரியலூரில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவன். பழைய கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து, அதாவது பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டி, அது அடிக்கடி நின்றுபோகவே, கணக்குப் போட்ட நோட்டும் கையுமாக அவரிடம் போனேன்.

வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். குறைந்தால் மிஷின் நின்றுவிடும், அதிகமானால் சூடாகி நின்றுவிடும். நான் 1.36 வோல்ட் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். வேறு யாரும் அதைப் படித்ததில்லை.

"கணக்கெல்லாம் சரியாத்தான் சார் போட்டிருக்கீங்க. ஆனா இதுல பாதி உங்க பயத்துக்குப் போட்ட வோல்டேஜ். சிப்பு கேக்கலைங்க."

அதன்பின் இருவரும் 0.01, 0.01 ஆகக் குறைத்துக்கொண்டே வந்தோம். சோதனை எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு, சித்திரை வெயிலில். ஏசி ரூமில் பார்க்கலாமே என்று கேட்டேன்.

"தகரத்துக்கு அடியில ஓடுனாத்தான் சார் ஓடுற மிஷின்."

1.29-இல் நின்றோம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு காலேஜில் ஓவர்கிளாக் போட்டி வைத்தார்கள். ஒரு மணி நேரம் முழு லோடில் நிற்காமல் ஓட வேண்டும். ஓடுபவற்றில் வேகமானது ஜெயிக்கும். நான் வரமாட்டேன் என்றேன்... அவர்தான் பெயர் கொடுத்துவிட்டார்.

பக்கத்து டேபிள் பையன், "தாத்தா, இது கால்குலேட்டர் இல்ல" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கம்ப்யூட்டர்களைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. ஹால் சூடாக ஆக, ஒவ்வொரு மிஷினாக நீலத் திரை காட்டி நின்றது.

"தம்பி, உங்க மிஷினைப் பாருங்க. நீல கலர்ல என்னமோ எழுதுது" என்றார் தனலட்சுமி அம்மா, சிரிக்காமல்.

கடைசியில் எங்கள் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பரிசுக்கு அவர் பெயரைக் கேட்டார்கள். "சார் பேரை எழுதுங்கப்பா. நான் ஸ்குரூ முடுக்குனதோட சரி."

எழுபது வயதில் எனக்கு ஒரு கப்...

போன வாரம் போன் செய்தார். "சார், 1.29 இன்னும் கொழுப்புதான். 1.275-ல ஓடும். எழுதி வச்சுக்குங்க."

எழுதி வைத்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். ஓட்டிப் பார்க்கத் துணியவில்லை. நின்றுபோனால் அவரிடம் என்ன சொல்வது என்று ஒரு தயக்கம்.

இன்று காலை வேப்பந்தட்டையில் அவர் வீட்டுக்குப் போய்க் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் இறங்கி வீட்டுக்கு வர மணி ஒன்றரை.

சட்டையைக்கூட மாற்றவில்லை. 1.275 வைத்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். ரூம் ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலை மூடினேன். சரியாக இரண்டு மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன்.

ஒரு மணி நேரம். முழு லோடு. வெளியே கொளுத்தும் வெயில்.

நிற்கவில்லை.

இந்தப் பதிவையும் அதிலேயேதான் அடிக்கிறேன். நோட்டில் அந்தக் கேள்விக்குறியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஓடுதுங்கம்மா. நீங்க சொன்ன நம்பர்லயே ஓடுது.

போயிட்டு வாங்க.