பத்தாம் நம்பர் மலையில் கவிழ்ந்த தோணி

டிக்கோயாப் பக்கம் அணை கட்டி, ஆற்றுத் தண்ணீர் ஏறி வந்த வருடம் அது. கீழ்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தண்ணீர் தொடுவதற்கு முன்னே, அம்மனின் சூலத்தை அக்கரைப் புதுக்கோயிலுக்குத் தோணியில் கொண்டுபோனார்கள். சாமி காலடியில் கிடக்கலாமா என்று மூட்டைகளுக்கு மேலே உயர நிறுத்தினார்கள். தோணி நகர்ந்ததுமே கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுக்கு மனசு பொறுக்கவில்லை.

“ஆத்தா நிக்கிறா, நாம ஒக்காந்திருக்கோமே. எந்திரிங்க.”

அத்தனை பேரும் பயபக்தியோடு எழுந்து கும்பிட்டார்கள். தோணி ஒருபக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. கரை கிட்டத்திலேயே இருந்ததால் ஆட்கள் நனைந்ததோடு தப்பினார்கள். சூலம் தண்ணீருக்குள் போய்விட்டது.

யாரும் அவளை ஏசவில்லை. கோயில் தலைவர் முத்துலிங்கம் மட்டும் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கு நிற்கணுமா, உட்காரணுமா என்று சீண்டுவார். சூலம் இல்லாத புதுக்கோயிலுக்குத் திருவிழாவும் இல்லை. ஆத்தா வந்து சேராமல் அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று அம்மாக்கண்ணுவும் இருந்துவிட்டாள்.

மாசி வெயிலில் தண்ணீர் இறங்கி, தோணியின் விளிம்பு வெளியே தெரிந்தது. கறுத்த தண்ணீர், ஆழம் தெரியாது, உள்ளே முனி இருக்கும் என்று ஆண்கள் கரையிலேயே நின்றார்கள். அம்மாக்கண்ணு மேலே இருந்த மொட்டைப் பாறையைப் பார்த்தாள். அது பத்தாம் நம்பர் மலைப் பாறையல்லவா? கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கொழுந்தெடுத்த மலை; அதன் தேயிலைச் சரிவுதான் இப்போது தண்ணீருக்கடியில் கிடந்தது.

கொழுந்தெடுக்க இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுநுனியைப் புருஷன் சிவசாமியிடம் கொடுத்தாள்.

“ஒனக்கு நீச்சல் தெரியாதே, புள்ள.”

“நீந்தவா போறேன்? தேயில நெரை புடிச்சு நடக்கப் போறேன்.”

காலில் செத்த தேயிலைத் தூர்கள் தட்டின. ஒரு தூர், அடுத்த தூர், அப்புறம் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான். கானில் இறங்கியபோது தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. தாண்டியதும் மறுபடி இடுப்பளவு. தோணி பாதி சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே கைவிட்டுத் துழாவினாள். ஊறிய சாக்கு, ஒரு செம்பு, வழுக்கி ஓடிய மீன். சூலம் இல்லை. ஆத்தா, என்னைச் சோதிக்காதே என்று தோணியைச் சுற்றி வந்தவளின் முழங்காலில் ஏதோ உரசியது. பட்டுப்போன தேயிலைச் செடியின் கவட்டில், விழாமல் சாய்ந்து நின்றது சூலம்.

கரையில் குலவை எழுந்தது. அன்றே வேறொரு தோணி பிடித்தார்கள். ஏறும்போது முத்துலிங்கம் சீண்டாமல், மெய்யாகவே கேட்டார்.

“சொல்லு தாயி. நிக்கணுமா, ஒக்காரணுமா?”

அவள் சூலத்தை மடியில் வைத்து, தோணியின் நடுவில் சம்மணமிட்டாள்.

“எல்லாரும் ஒக்காருங்க. ஆத்தாளும் ஒக்காந்தே வரட்டும்.”

அக்கரையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. புதுக்கோயில் படியில் ஈரக்காலோடுதான் ஏறினாள்.