துக்கத்துக்கு நிறுத்திய வைஃபை

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் செல்போன் டவர் எட்டாது. ஊரெல்லாம் 5ஜி பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் ஒரு ஹலோ சொல்ல மேடேறிக்கொண்டிருந்தோம். கேபிள் டிவிக்காரர் நெட் இழுத்துக் கொடுத்த பிறகுதான் விடிவு வந்தது. மோடம் பக்கத்து வீட்டுச் சித்தியின் டிவிக்கு மேல் இருந்தது. லயம் முழுவதற்கும் அந்த ஒரு வைஃபைதான். போனில் ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டால் சாதாரண அழைப்பும் அதன் வழியாகவே வந்துவிடும்.

அம்மா இறந்துபோன விடியலில், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்காவிடம் அதில்தான் சொன்னேன். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது. அவளால் வர வழியில்லை.

"பெட்டிய மூடுறதுக்கு முந்தி அம்மா முகத்தக் காட்டுடா. இங்க வேலைய முடிச்சிட்டு நானே கூப்பிடுறேன்" என்றாள்.

மதியம் தாண்டியும் அழைப்பு வரவில்லை. நான் போட்டாலும் போகவில்லை. மழைக்காலத்தில் கிளை விழுந்து கேபிள் அறுவது எங்களுக்குப் பழக்கம், அதுதான் என்று நினைத்தேன். கேபிள்காரரைக் கூப்பிடவும் அதே நெட்தான் வேண்டும். என்ன பிழைப்பு இது! அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார், வானமும் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டுக்கு நடந்தோம்.

அந்த மேட்டில் மட்டும் எதிர்மலை டவர் கொஞ்சம் கிடைக்கும். கடைசி ஜெபம் முடிந்து மூடியைக் கையில் எடுத்தபோது என் போன் அடித்தது.

"எத்தன தடவடா கூப்பிடுறது!" அக்கா அழுதாள். வீடியோவைப் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குரலைத் தாங்கிய டவர் படத்தைத் தாங்கவில்லை.

"வைஃபைக்கு என்னடா ஆச்சு?"

அது பக்கத்தில் நின்ற சித்தியின் காதிலும் விழுந்தது. எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்த வீட்டிலும் டிவி ஓடாது. "டிவிய நிப்பாட்டுறேன்னு மொத்த சுவிட்சையும் அமத்திப்புட்டேனே பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அம்மாவுக்கு மரியாதை செய்யப்போனவரை என்னவென்று திட்டுவது?

பெட்டியைத் திரும்ப லயத்துக்குக் கொண்டுபோகலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றது அக்காதான். "வீட்ட விட்டு எடுத்தவங்கள அலைக்கழிக்காதீங்க. மூடிருங்க."

"போட்டோ எடுத்து அப்புறம் அனுப்புறேன்க்கா."

"போட்டோவ எப்பவும் பாக்கலாம்டா. இப்ப நான் கூட இருக்கணும். போன வச்சிராத."

மூடினோம். இறக்கினோம். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

"என் பங்குக்கும் நீயே போடு" என்றாள்.

போட்டேன்.

"போட்டியா?"

"போட்டேன்க்கா."

"கேக்கலையே."

மழையில் ஊறிய மண் சத்தமில்லாமல்தான் விழுந்திருந்தது. குழியோரம் மண்டியிட்டு, போனை உள்ளே நீட்டிப் பிடித்துக்கொண்டு, கெட்டியான மண்கட்டி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். அது பெட்டியின் மூடியில் பட்டு உருண்டது.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா.